மேட்டூர் மட்டம் பார்த்துப் பதறும் அப்பாவுக்கு ஸ்டோயிக் தத்துவம் உதவுமா?

கேள்வி, ஜூன் 7

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம், நான் இருப்பது சென்னையில். கொஞ்ச காலமாகப் பழைய கிரேக்க, ரோமானியர்களின் ஸ்டோயிக் தத்துவம் படிக்கிறேன், ஆபீஸ் டென்ஷனுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அப்பா விவசாயம். காலையில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது. மட்டம் குறைந்தால் அன்றைக்கு யாரும் அவரிடம் வாய் கொடுக்க முடியாது. போன வாரம் போனில், ‘நம்ம கையில் இல்லாததை நினைச்சு ஏன்ப்பா கஷ்டப்படுறீங்க, எபிக்டெட்டஸ் அப்படித்தான் சொல்லியிருக்கார்’ என்றேன். ‘அவருக்கு எத்தனை மா நிலம்?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். விவசாயிகளுக்கு இதைச் சொல்ல வழி உண்டா, இல்லை இது மாதச் சம்பளக்காரர்களின் தத்துவம்தானா?

பதில், ஜூன் 7, இரவு

அப்பா கேட்டது நியாயமான கேள்வி தம்பி. பதில்: ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், ரோமில் இன்னொருவரின் சொத்தாக இருந்தவர், ஒரு கால் சரியில்லாதவர். விடுதலை கிடைத்த பிறகு, டொமிஷியன் என்ற மன்னன் தத்துவம் பேசுகிறவர்களையெல்லாம் ரோமை விட்டு விரட்டியபோது, நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவர் சொன்னதை எழுதிவைத்தவர் ஆரியன் என்ற மாணவர். ஆகையால் சம்பளக்காரர் தத்துவம் என்று இதை ஒதுக்க முடியாது.

ஆனால் நீங்கள் அப்பாவிடம் சொன்னது பாதிதான். நான் நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் நிலமும் உண்டு, நானும் தினம் மட்டம் பார்க்கிறவன். மட்டம் பார்ப்பது வேலை. நாற்று விடுவதா, நேரடியாக விதைத்துவிடுவதா, போர்செட் உள்ளவர்கள் மட்டும் குறுவை போடட்டும், நாம் சம்பாவோடு நிறுத்திக்கொள்வோம் என்று முடிவெடுப்பதா, எல்லாம் அந்த அடிக்கணக்கில் இருக்கிறது. மேட்டூரைத் திறக்க ஜூன் 12 என்பது வழக்கமான தேதி, அவ்வளவுதான். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. இதைப் பார்க்காமல் ஒருவர் நிம்மதியாகக் காபி குடித்தால் அவரை நான் தத்துவ ஞானி என்று சொல்ல மாட்டேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார் போல என்றுதான் நினைப்பேன்.

எபிக்டெட்டஸே ஒரு கப்பல் பயணியை நக்கல் செய்கிறார். அவன் உட்கார்ந்துகொண்டு என்ன காற்று அடிக்கிறது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாடைக்காற்று. மேல்காற்று எப்போது வரும்? அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும் ஐயா, காற்றுக்கு உன்னை அதிகாரியாகப் போடவில்லை என்கிறார். சரி, அப்புறம்? நம் வசத்தில் இருப்பதை மிக நன்றாகச் செய்ய வேண்டும், மற்றதை அது இருக்கிறபடி பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வரியை, வீடியோவில் ஸ்டோயிக் தத்துவம் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 8

நேற்றுச் சொல்லாமல் விட்டது. அம்பு விடுகிறவன் உதாரணம் ஒன்று உண்டு, ஸ்டோயிக்குகளின் வாதமாக சிசரோ என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்தது. குறி பார்ப்பது, நாணை இழுப்பது, கை ஆடாமல் விடுவது வரை அவன் பாடு. விட்ட பிறகு காற்று அடிக்கலாம். குறியில் பட வேண்டும் என்பதற்காக முடிந்த எல்லாவற்றையும் அவன் செய்தாக வேண்டும், ஆனால் பட்டதா இல்லையா என்பதில் அவன் மதிப்பு இல்லை. விதை நேர்த்தி, வரப்பு கட்டுவது, காப்பீட்டு பிரீமியத்தைக் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டுவது, இதெல்லாம் நாணை இழுப்பது. எத்தனை மூட்டை கண்டது என்பது அதற்கப்புறம். அப்பாவிடம் பேசுவதானால் இதிலிருந்து ஆரம்பியுங்கள். எபிக்டெட்டஸ் பேரை எடுக்காதீர்கள், மறுபடி நிலக்கணக்குக் கேட்பார்.

ஜூன் 14

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தொட்டுவிடும் இந்நேரம். கடைமடைக்கு வருவது தனிக் கதை.

மன்னார்குடி நண்பர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: இது போராடுகிறவனை உட்காரவைக்கும் தத்துவம்தானே, ஆற்றில் தண்ணீர் விடுவது நம் கையில் இல்லை என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் டெல்டா இன்றைக்கு என்ன ஆகியிருக்கும்?

நல்ல அடி. நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1983-ல் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது, 1991-ல் இடைக்கால உத்தரவு, 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னது. 35 வருஷம். நாற்பது வயதில் மனுவில் கையெழுத்துப் போட்டவருக்குத் தீர்ப்பு வரும்போது எழுபத்தைந்து. தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை, மனு இருந்தது. அந்த அம்பை அவர்கள் விட்டார்கள்.

நீதி என்பது ஸ்டோயிக்குகளின் நான்கு அறங்களில் ஒன்று. விவேகம், துணிவு, நிதானம் மற்ற மூன்றும். நீதியைக் கழற்றி வைத்துவிட்டு மீதியை மட்டும் விற்பது இந்தக் காலத்து வியாபாரம். ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்ற ரோமானிய செனட்டர் கதையை எபிக்டெட்டஸ் சொல்கிறார், எனக்குப் பிடித்தது அதுதான். மன்னன் வெஸ்பாசியன், நீ செனட்டுக்கு வராதே என்று ஆள் அனுப்புகிறான். என்னை உறுப்பினராக வைக்காமலிருப்பது உங்கள் கையில், உறுப்பினராக இருக்கும்வரை நான் வந்தாக வேண்டும் என்கிறார் இவர். வா, ஆனால் வாயைத் திறக்காதே. என்னிடம் கருத்துக் கேட்காதீர்கள், திறக்க மாட்டேன். கேட்டாக வேண்டியது என் கடமை. அப்படியானால் நியாயம் என்று படுவதைச் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னால் கொன்றுவிடுவேன். நான் சாகாதவன் என்று எப்போது சொன்னேன், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், என் வேலையை நான் பார்க்கிறேன். கடைசியில் கொன்றுதான் விட்டார்கள். இந்த ஆளை எந்தப் போராட்டத்தில் உட்காரவைக்க முடியும்?

ஜூன் 14, கொஞ்சம் கழித்து

அப்படியானால் இந்தத் தத்துவம் எதற்கு, போராடுகிறவன் எப்படியும் போராடுவானே என்று அவரே மறுபடி. கோபத்தைச் சமாளிக்கத்தான். செனகா என்ற ரோமானிய ஸ்டோயிக் கோபத்தைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். நியாயம் கேட்கக் கோபம் தேவையில்லை, கடமை போதும் என்பது அவர் கட்சி. சாலை மறியலில் இதைப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவர்கள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். குரலே உயர்த்தாமல் ‘தாசில்தார் எழுத்துல கொடுக்கட்டும், எந்திரிக்கிறோம்’ என்று ஒரே வாக்கியத்தைச் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். காரியம் அவரால்தான் நடக்கும். இருந்தாலும் செனகாவோடு முழுக்க ஒத்துப்போக எனக்கு மனசு வரவில்லை. கோபமே இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் காலையில் ரோட்டுக்கே வந்திருக்குமா என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.

ஜூன் 30

நடவு ஓடிக்கொண்டிருக்கிறது, கடையில் நிற்க நேரமில்லை, அதனால் தாமதம்.

தினசரிப் பயிற்சி என்று ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு, அதுதான் இந்த ஆட்களின் விசேஷம். மார்கஸ் அரேலியஸ், கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்டவர், போர் முகாம்களில் இருந்த காலத்திலும் தனக்காகக் கிரேக்க மொழியில் குறிப்பு எழுதிக்கொண்டார். அதில் ஒன்று: காலையில் உனக்கு நீயே சொல்லிக்கொள், இன்றைக்கு அடுத்தவன் காரியத்தில் மூக்கை நுழைக்கிறவன், நன்றி கெட்டவன், திமிர் பிடித்தவன், பொறாமைக்காரன் எல்லோரையும் பார்க்கப் போகிறேன்.

இதை நான் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் செய்கிறேன். மேலுரம் போடும் சமயத்தில் யூரியா லோடு வராத நாள் எப்படி இருக்கும் என்று கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ‘ஒனக்கு வேண்டியவனுக்கு உள்ள வெச்சிருக்கியா’ என்று எட்டு மணிக்கே ஒருவர் வருவார். லோடு வந்த நாள் வேறு கூத்து. ஆதார் எண் போட்டு மிஷினில் விரல் வைத்தால்தான் மூட்டை. வருஷக்கணக்காக நாற்றுப் பறித்த கையில் ரேகை எங்கே இருக்கிறது, மிஷின் ஏற்றுக்கொள்ளாது. அப்படி வரும் அம்மா முந்தானையில், கிடைத்த துணியில் எல்லாம் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார், பின்னால் நிற்பவர்கள் அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டுவார்கள். மார்கஸ் சொன்னதை முன்கூட்டியே நினைத்துக்கொண்டால் திட்டு குறையாது. ஆனால் எட்டு மணிக்காரர் வரும்போது, ஓ வந்துவிட்டார் என்று ஒரு சிரிப்பு உள்ளே வரும், பதிலுக்குக் கத்தத் தோன்றாது. அந்த அளவுக்கு லாபம்.

அந்தக் குறிப்பின் அடுத்த பாதியை யாரும் பகிர்வதில்லை. இவர்கள் என் உறவு, கையும் காலும் கண் இமையும் மேல்வரிசை கீழ்வரிசைப் பல்லும் மாதிரி சேர்ந்து வேலை செய்யப் பிறந்தவர்கள், இவர்களை வெறுப்பது இயற்கைக்கு விரோதம் என்று போகிறது. முதல் பாதியை மட்டும் படித்தால் ஊரில் எல்லாரும் மோசம், நான் மட்டும் உத்தமன் என்ற திமிர்தான் மிஞ்சும். அப்படி ஆகிப்போன பையன்களைப் பார்க்கிறேன்.

ஜூலை 2

‘இதெல்லாம் நம் பூங்குன்றனாரே சொல்லிவிட்டார், எதற்கு ரோமுக்குப் போகிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொன்னார்தான். ஆற்றுத் தண்ணீர் போகிற வழியில் போகும் தெப்பம் போல உயிர் என்றார், தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை என்றார். அழகில் அந்த ரோமானியர்கள் கிட்டே வர முடியாது. ஆனால் காலையில் இதைச் செய், ராத்திரி இதைச் செய் என்று பயிற்சி கொடுத்தது இவர்கள். எனக்கு அது தேவைப்படுகிறது, பாட்டு மட்டும் போதவில்லை. உங்களுக்குப் போதுமென்றால் சந்தோஷம், அதோடு விடுங்கள்.

ஜூலை 21

ராத்திரிப் பயிற்சி. செனகா எழுதுகிறார்: விளக்கை எடுத்த பிறகு, என் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்கும்போது, அன்றைய நாள் முழுவதையும் திரும்பப் பார்க்கிறேன், எதையும் எனக்கே மறைப்பதில்லை, இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நான் இதைக் கடன் நோட்டோடு செய்கிறேன். உரக்கடை என்றாலே பாதி வியாபாரம் கடன்தான், அறுவடை முடிந்து தருகிறேன் என்பார்கள், அறுவடை முடியும், அடுத்த நடவும் முடியும். நோட்டைப் புரட்டும்போது ஒரு பெயரைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ பிசையும், இன்னொரு பெயரில் அதைவிடப் பெரிய தொகை இருக்கும், ஒன்றும் ஆகாது. பணம் காரணமாக இருந்தால் பெரிய தொகைக்குத்தானே வயிறு பிசைய வேண்டும்? முதல் ஆள் என்னைத் தூரத்தில் பார்த்ததும் வண்டியைச் சந்தில் திருப்புகிறவர். அந்தத் திருப்பல்தான் என்னைச் சுடுகிறது, தொகை இல்லை. நிகழ்ச்சி மனிதனைக் கலக்குவதில்லை, அதைப் பற்றிய அவன் எண்ணம் கலக்குகிறது என்று எபிக்டெட்டஸ் சொல்வதைக் கடன் நோட்டில் இப்படிச் சரிபார்க்கலாம். அப்புறம் யோசித்தால் அவர் பயத்தில் திருப்புகிறார், அவமதிக்க இல்லை. இதைக் கண்டுபிடித்த பிறகும் பாக்கி அப்படியே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செனகாவே பெரிய வட்டிக்காரர் என்று சொல்லப்படுகிறது. பிரிட்டனில் உள்ளவர்கள் விரும்பாதபோதும் அவர்கள் தலையில் கடனைக் கட்டி, பிறகு ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டார் என்று டியோ என்ற வரலாற்றாசிரியர் குற்றம் சாட்டுகிறார். எளிமையைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதிய கோடீஸ்வரர். மன்னன் நீரோவுக்கு வாத்தியாராக இருந்து, கடைசியில் கி.பி. 65-ல் அவன் உத்தரவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். கடன் கொடுக்கிற தொழிலில் இருப்பதால் எனக்கு இவர் மேல் ஒரு சாய்வு இருக்கலாம்.

ஆகஸ்ட் 4

பேராவூரணி நண்பர் எழுதியதற்கு உடனே பதில் எழுதவில்லை. அவர் கேள்வி: ‘எதைப் பற்றியும் இழந்தேன் என்று சொல்லாதே, திருப்பிக் கொடுத்தேன் என்று சொல் என்கிறாராமே உங்கள் எபிக்டெட்டஸ். கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. அப்பா வைத்த மரம். யாருக்குத் திருப்பிக் கொடுத்தோம்?’

2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்களுக்கும் அந்தப் பக்கம் சம்பந்தம் உண்டு. பட்டுக்கோட்டை தாண்டி உறவுக்காரர் வீட்டுக்கு, ரோட்டில் கிடந்த மரத்தை அறுத்து அறுத்து வழிவிட்ட பிறகு போனோம். நெல் மூழ்கினால் மனசு தானாகவே அடுத்த போகத்துக்குப் போய்விடும், அதுதான் எங்கள் பழக்கம். தென்னை அப்படி இல்லை. நெட்டை மரம் காய்க்கவே ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும், அறுபது வயதுக்காரரிடம் புதுக் கன்று வை என்றால் யாருக்காக என்று கேட்பார். அந்த வீட்டுப் பெரியவர் விழுந்த மரங்களுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தார். கூட வந்த ஒருவர், படித்தவர்தான், ‘போனது போச்சு, உயிரோட இருக்கோமே, அதை நினைங்க மாமா’ என்றார். மாமா ஒன்றும் சொல்லாமல் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

எபிக்டெட்டஸின் கையேட்டில் அந்த வரி இருப்பது உண்மை. மகன் இறந்தால்கூட, நிலம் போனால்கூட அப்படிச் சொல்லிக்கொள் என்கிறார். ஆனால் அது தனக்குத் தானே சொல்லிக்கொள்வதற்கு. அதே கையேட்டில் சில பத்திகள் தள்ளி, ஒருவர் துக்கத்தில் அழுவதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது: ஆறுதலாகப் பேசத் தயங்காதே, தேவைப்பட்டால் அவரோடு சேர்ந்து அழு, உள்ளே மட்டும் உடைந்துவிடாதே. மாமாவுக்குத் தத்துவம் சொன்ன ஆள் முதல் பத்தியோடு நின்றுவிட்ட ஆள்.

உங்கள் கேள்விக்கு, யாருக்குத் திருப்பிக் கொடுத்தோம் என்பதற்கு, என்னிடம் பதில் இல்லை. ஸ்டோயிக்குகள் உலகம் முழுக்க ஓர் அறிவு ஓடுகிறது, அது செய்வது எல்லாம் நன்மைக்கே என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இருந்தால் திருப்பிக் கொடுத்தேன் என்பதற்கு அர்த்தம் உண்டு. எனக்கு அது இல்லை. அதனால் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விடுகிறேன், இது சுத்த ஸ்டோயிக்குகளுக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 5

‘உள்ளே மட்டும் உடையாதே’ என்பது நடிப்பு இல்லையா என்று உடனே கேட்டுவிட்டீர்கள். ராத்திரி இதையேதான் யோசித்தேன். எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த பாட்டிகள் மார் அடித்து அழுவார்கள், அடுத்த நிமிஷம் எழுந்து யாருக்குக் காபி போகவில்லை என்று பார்ப்பார்கள். அதை நடிப்பு என்று யாரும் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லோரும் உள்ளேயும் உடைந்துவிட்டால் பந்தல் போடுவது யார்?

அக்டோபர் 19

கேள்வி கேட்ட தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கிறாராம். குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கிறது, அப்பா ராத்திரியும் அங்கேயே படுக்கிறார், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று எடுக்க மாட்டேன் என்கிறார்கள், மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ‘இப்போது என்ன சொல்வது?’ என்கிறார்.

ஒன்றும் சொல்லாதீர்கள். போய்ப் படுதாவின் இன்னொரு முனையைப் பிடியுங்கள். வெயில் அடிக்கிற ஒரு மணி நேரத்தில் திறந்து கிளறிவிட வேண்டும், மேகம் கறுத்தால் மூட வேண்டும், குவியலைச் சுற்றித் தண்ணீர் வடிய வாய்க்கால் போல வெட்டிவிட வேண்டும், இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கொஞ்சம் தூங்கலாம். மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது கை நீட்டினால் கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்பாவிடமே விடுங்கள். அங்கே வரிசையில் நிற்பவர் அவர், நாளைக்கும் அங்கே போக வேண்டியவர் அவர். நான் கொடுக்காதே என்பேன், ஆனால் என் நெல் நனைந்துகொண்டிருக்கும்போது என்னைக் கேட்டால் இவ்வளவு சுலபமாகச் சொல்வேனா என்று தெரியவில்லை.

போகும் முன் எபிக்டெட்டஸின் குளியல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளியலுக்குப் போகிறாய், அங்கே தண்ணீர் தெளிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், துணியைத் திருடுவார்கள், அதனால் குளிக்கவும் வேண்டும் என் மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து முடிவு செய்துகொண்டு போ என்பார். விஏஓவிடம் அடங்கல் வாங்கப் போகும்போது நான் இதைத்தான் செய்கிறேன். அடங்கல் கிடைக்காத நாளிலும் இரண்டாவது காரியம் முடிந்துவிடுகிறது.

அக்டோபர் 23

தம்பியிடமிருந்து செய்தி. நெல் எடுத்துக்கொண்டார்கள், கொஞ்சம் முளைத்துப்போனது ஒதுக்கியது போக. அப்பா இப்போது மேட்டூருக்கு எவ்வளவு நீர்வரத்து என்று பார்க்கிறாராம், தாளடிக்கு.

மியூசோனியஸ் ரூஃபஸ் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், எபிக்டெட்டஸின் ஆசிரியர்தான். தத்துவம் படிக்கிறவனுக்கு ஏற்ற பிழைப்பு விவசாயம், மாணவர்கள் ஆசிரியரோடு வயலில் வேலை செய்துகொண்டே கற்கலாம் என்று அவர் சொன்னது உண்மை. அதை வைத்து விவசாயிகள் எல்லாம் பிறவி ஸ்டோயிக்குகள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு நாற்பது பேர் கை தட்டியிருக்கிறார்கள். ஐயா, ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை அரை அடி தள்ளி வெட்டுகிறவரும் விவசாயிதான், முறைத் தண்ணீரில் மடையை அடைத்துவிட்டு எனக்குத் தெரியாது என்கிறவரும் விவசாயிதான். அவர்களில் இரண்டு பேர் என் கடன் நோட்டிலும் இருக்கிறார்கள்.